மல்யுத்தமும் மல்யுத்தக் கூத்தும்

பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு இரண்டு சொற்கள் வைத்திருக்கிறார்கள். ஒலிம்பிக்கில் இரண்டு பேர் பாயின் மீது கட்டிப் புரண்டு, நடுவர் புள்ளி போட்டு, ஒருவர் ஜெயிப்பது 'லுத்'. கயிறு கட்டிய மேடையில் முகமூடியும் பளபளக்கும் கால்சட்டையுமாக ஒருவரை ஒருவர் தூக்கிப் போட்டு, நாற்காலியால் அடித்து, கடைசியில் நல்லவனோ கெட்டவனோ ஜெயிப்பது 'காட்ச்'. காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்குச் சிறு வயதிலேயே இந்த வித்தியாசம் பழகிவிட்டது. லுத் பார்த்தேன் என்றால் விளையாட்டு. காட்ச் பார்த்தேன் என்றால் வேடிக்கை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை யாரும் புரிந்துகொள்ள மாட்டார்கள்.

தமிழில் இரண்டுக்கும் மல்யுத்தம்தான். குஸ்தி என்றாலும் அதே கதை. இத்தனைக்கும் நம்மிடம் இந்தக் கலைக்குப் பஞ்சமில்லை. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை மற்போரில் வென்றதைச் சாத்தந்தையார் பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. நரசிம்மவர்ம பல்லவனுக்கு மாமல்லன் என்று பட்டம், மாமல்லபுரத்துக்கு அந்தப் பெயர். இவ்வளவு பழைய சொல்லை வைத்துக்கொண்டு, தொலைக்காட்சியில் வரும் டபிள்யூ.டபிள்யூ.இ.க்கும் அதையே போட்டுவிட்டோம். சொல் ஒன்றாகிவிட்டால் பொருளும் ஒன்று என்று பிள்ளைகள் நினைக்கத்தானே செய்வார்கள்?

சொல்லாராய்ச்சி செய்ய எனக்கு ஆசை என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் தெருவில் ஒரு பையன் இருக்கிறான். பட்டப்படிப்பு முடித்துவிட்டு இரண்டு வருடமாக ஜிம்மே கதி. நல்ல உடம்பு, நல்ல பிள்ளை. வடநாட்டில் ஏதோ பயிற்சிக்கூடத்தில் பணம் கட்டிச் சேர்ந்தால் அமெரிக்கா வரை போகலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவன் அப்பா கொஞ்சம் பனங்காட்டை விற்கலாமா என்று யோசிக்கிறார். "சார், நீங்க சொன்னா கேப்பான், ஒரு வார்த்தை பேசுங்க" என்று அவனை அனுப்பி வைத்தார். அவன் வந்து உட்கார்ந்து முதலில் கேட்டது இதுதான்: "தாத்தா, இது பொய்ச் சண்டைன்னு எல்லாரும் சொல்லுதாங்க. நிசமாவே பொய்யா?"

அவனுக்குச் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பேரப்பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கு உதவும்.

முதலில், நிஜச் சண்டை எப்படி இருக்கும் என்று பார்ப்போம். 1910-ல் நம் நாட்டுக் காமா பயில்வான் லண்டன் போனார். உயரம் போதாது என்று போட்டியில் சேர்க்க மறுத்தார்கள். அவர் எல்லோருக்கும் சவால் விட்டார். அமெரிக்கரான ரோலரைச் சாய்த்தார். பிறகு செப்டம்பர் 10-ஆம் தேதி போலந்துக்காரர் ஸ்பிஷ்கோவோடு மோதினார். அந்த ஆள் குப்புறப் படுத்துவிட்டார். காமா புரட்டப் பார்க்கிறார், முடியவில்லை. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் இதே கதை. கடைசியில் முடிவில்லாமல் நிறுத்தி, அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். ஸ்பிஷ்கோ வரவே இல்லை, பட்டம் காமாவுக்கு. 1928-ல் பாட்டியாலாவில் இருவரும் மறுபடி மோதியபோது காமா ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்.

டிக்கெட் வாங்கியவன் நிலைமையை யோசியுங்கள். ஒரு நாள் இரண்டரை மணி நேரம் ஒருவர் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். இன்னொரு நாள் வெற்றிலை மடித்து வாயில் போடுவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். நிஜம் அப்படித்தான், ஆள் பார்த்து வராது, நேரம் பார்த்தும் வராது. இதை வைத்து வியாபாரம் செய்ய முடியாது என்று 1920-களில் அமெரிக்காவில் எட் லூயிஸ், பில்லி சாண்டோ, டூட்ஸ் மாண்ட் என்ற மூவர் கூடி ஒரு வழி கண்டார்கள். பிடியை வேகமாக்கு, தூக்கிப் போடு, யார் ஜெயிப்பது என்பதை முன்னாலேயே முடிவு செய். அங்கிருந்து கிளம்பியதுதான் இன்றைய தொழில். பொய்யிலிருந்து பிறந்தது என்பதைவிட, சலிப்பிலிருந்து பிறந்தது என்பேன்.

நம் வயதுக்காரர்களுக்கு இந்தத் தொழிலின் முகம் தாரா சிங். எதிரே கிங் காங். ஹங்கேரியில் பிறந்தவர், மலை மாதிரி உடம்பு. சிங்கப்பூர், கொழும்பு, பம்பாய், மதராஸ் என்று இந்தக் கூட்டம் சுற்றி வந்த காலத்தில், பேப்பரில் 'இன்று மோதல்' என்று விளம்பரம் வந்தால் ஊரே பேசும். 1968-ல் பம்பாயில் லூ தெஸ்ஸைத் தோற்கடித்து உலகச் சாம்பியன் ஆனார் தாரா சிங். ஐந்நூறு சண்டை, ஒன்றில்கூடத் தோற்கவில்லை என்று அவர் பேரோடு சேர்த்தே சொல்வார்கள். உண்மைப் போட்டியில் எந்த மனிதனுக்காவது அப்படி நடக்குமா? ஆனால் அதனால் நமக்கு அவர் மீது மரியாதை குறைந்ததா? 1987-ல் தூர்தர்ஷனில் அவர் அனுமனாக வந்தபோது கற்பூரம் காட்டிய வீடுகள் உண்டு.

இங்கேதான் உடன்குடிக்காரர்களுக்கு இந்த விஷயம் மற்றவர்களைவிட எளிதில் புரியும் என்கிறேன். பக்கத்திலேயே குலசை இருக்கிறது. தசராவுக்குக் காப்புக் கட்டி, விரதமிருந்து, காளி வேடம், குறவன் வேடம், போலீஸ் வேடம் என்று எத்தனை ஆயிரம் பேர்! காளி வேடம் கட்டியவர் வாசலுக்கு வந்தால் அவர் பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் என்று நமக்குத் தெரியும். தெரிந்தும் கையெடுத்துக் கும்பிட்டுக் காணிக்கை போடுகிறோம். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் மகிஷாசுரன் தலை மாற்றி மாற்றி வருகிறான். இந்த வருடம் சூரன் ஜெயித்துவிடுவானோ என்று யாராவது பயப்படுகிறார்களா? முடிவு தெரியும். முடிவுக்காக யாரும் அங்கே போய் நிற்பதில்லை.

1957-ல் வந்த தன் புத்தகத்தின் முதல் கட்டுரையிலேயே ரோலான் பார்த் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் காட்சைப் பற்றி ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். இது விளையாட்டு அல்ல, பழைய நாடகத்தின் உறவுக்காரன். சண்டை ஜோடிக்கப்பட்டதா என்று பார்வையாளர் கவலைப்படுவதில்லை என்பது அவர் வாதம். பாரீஸ்காரருக்கு அதை ஒரு கட்டுரையாக எழுதிப் புரியவைக்க வேண்டியிருந்தது. குலசைக்காரருக்குத் தேவையில்லை.

ஆகையால் பையனுக்கு நான் சொன்ன முதல் பதில்: "பொய்யில்லைடா, வேடம். ஆனா கீழே விழுறது மட்டும் நிசம்." முடிவை எழுதி வைக்கலாம். எட்டடி உயரத்திலிருந்து பலகை மேல் விழும்போது முதுகெலும்புக்கு அது எழுதி வைத்த விழுகை என்று தெரியாது. பிரான்சில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த ராட்சத ஆந்த்ரேயை உங்களில் சிலர் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். உடம்பு வளர்ந்துகொண்டே போகும் வியாதி அவருக்கு. முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட உடம்போடு 1987-ல் ஹல்க் ஹோகனிடம் தோற்க மேடையேறினார், தோற்க வேண்டிய முறைப்படி தோற்றார். 46 வயதில், 1993-ல் இறந்துவிட்டார்.

வேடத்தை நான் குறை சொல்லவில்லை. என் குறை வேறு.

நம்ம ஊர்க் கருப்பட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். புவிசார் குறியீடு வாங்கிய பண்டம். சீனி கலந்த கருப்பட்டியும் சந்தையில் இருக்கிறது. சீனி தின்பது பாவமில்லை. சீனியைக் கலந்துவிட்டு 'சுத்தமான பதநீர்க் கருப்பட்டி' என்று விற்பதுதான் பாவம். இந்தச் சண்டைத் தொழில் அறுபது எழுபது வருடம் அப்படித்தான் விற்றது. உண்மையை எப்போது ஒத்துக்கொண்டார்கள் தெரியுமா? 1989-ல், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில மேல்சபையில். விளையாட்டு என்றால் அரசு ஆணையத்தின் மேற்பார்வை, கட்டணம், வரி எல்லாம் உண்டு. அதிலிருந்து தப்பிக்க, 'ஐயா, இது போட்டி அல்ல, பொழுதுபோக்கு' என்று கம்பெனியே சொல்லிவிட்டது. கோப்புகளோடு வாழ்ந்தவன் என்ற முறையில் இந்தச் செய்தி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ரசிகன் ஆயிரம் முறை கேட்டும் வராத உண்மை, வரி என்றதும் வந்துவிட்டது.

சரி, போட்டி இல்லையென்றால் சாம்பியன் யார் என்பதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? இதுதான் என் முக்கியமான வாதம்.

நான் வேலை பார்த்த காலத்தில் பதவி உயர்வு என்றால் முதுநிலைப் பட்டியல் ஒன்று இருக்கும். அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். என் பெயர் எனக்குக் கீழே இருப்பவருக்குப் பின்னால் போனால் ஏன் என்று எழுதிக் கேட்கலாம். பதில் வர ஆறு மாதம் ஆகலாம், ஆனால் கேட்க இடம் உண்டு. சண்டைக் கம்பெனியில் அப்படி எதுவும் இல்லை. ஓர் அறையில் உட்கார்ந்து நாலைந்து பேர் எழுதுகிறார்கள். எவன் ஜெயித்தால் எந்த நாட்டில் டிக்கெட் விற்கும் என்பதுதான் கணக்கு.

காலியை எல்லோருக்கும் தெரியும். இமாசலப் பிரதேசத்துக்காரர், பஞ்சாப் போலீசில் இருந்தவர். ஏழடிக்கு மேல் உயரம். 2006-ல் வந்தார், 2007 ஜூலையில் உலகச் சாம்பியன் பட்டம் கொடுத்தார்கள், செப்டம்பரில் வாங்கிக்கொண்டார்கள். பத்து வருடம் கழித்து ஜிந்தர் மஹால். கனடாவில் பிறந்த பஞ்சாபி. நம் காமாவின் பெயரை வைத்துக்கொண்டு மேடையேறிய காமா சிங்கின் மருமகன். 2014-ல் கம்பெனி அவரை அனுப்பிவிட்டது. 2016-ல் திரும்ப எடுத்தது. வாரா வாரம் தோற்றுக்கொண்டிருந்தவர், 2017 மே 21-ஆம் தேதி ராண்டி ஆர்டனைத் தோற்கடித்துச் சாம்பியன் ஆனார். ஒரே மாதத்தில் என்ன பலம் வந்துவிட்டது? இந்தியச் சந்தை என்ற பலம்தான். நவம்பர் 7-ல் இங்கிலாந்தில் பட்டத்தைப் பிடுங்கினார்கள். டிசம்பர் 9-ல் டில்லியில் நிகழ்ச்சி. அங்கேயாவது நம்ம ஆளை ஜெயிக்க விட்டார்களா? கம்பெனியின் மேலாளராகவும் முதலாளியின் மருமகனாகவும் இருந்த டிரிபிள் எச் வந்து ஜெயித்துவிட்டுப் போனார்!

உத்தரப் பிரதேசத்து ரிங்கு சிங் கதையையும் கேளுங்கள். ஈட்டி எறிந்துகொண்டிருந்த பையன். 2008-ல் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் பேஸ்பால் எறிந்து ஜெயித்து அமெரிக்கா போனார். அது சரியாக அமையாமல், 2018-ல் இந்தக் கம்பெனியில் சேர்ந்தார். வீர் மஹான் என்று பெயர், நெற்றியில் பட்டை, கழுத்தில் ருத்திராட்சம். 2023 செப்டம்பர் 8-ல் ஹைதராபாத் கச்சிபௌலியில் பெரிய நிகழ்ச்சி நடந்தபோது இவர்களெல்லாம் நட்சத்திரங்கள். 2024 ஏப்ரலில் ஜிந்தர், வீர், சங்கா மூவரையும் சேர்த்தே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இவர்கள் யாரும் சோம்பேறிகள் அல்ல. தோற்று வெளியே வந்தவர்களும் அல்ல. அப்படி ஒன்று இங்கே இல்லையே! எழுதுகிறவர்கள் எழுதுவதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். இதிலே நான் கசப்பது ஒரு விஷயத்துக்குத்தான்: பட்டம் கொடுக்கும்போது 'இந்தியாவின் பெருமை' என்று கொடி பிடிக்கச் சொல்கிறார்கள், எடுக்கும்போது வியாபாரம் என்கிறார்கள். இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள். வியாபாரமென்றால் கொடியை மடித்து வையுங்கள்.

இப்போது பையனின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். "அப்படின்னா யு.எஃப்.சி. நிசம்தானே தாத்தா? அதுக்குப் போகட்டுமா?"

நிஜம்தான். கலப்புத் தற்காப்புச் சண்டை என்கிறார்கள். குத்து, உதை, பிடி எல்லாம் சேர்ந்தது. ஆனால் கூத்து மேடைக்கும் இந்தக் கூண்டுக்கும் நடுவே பாலம் போட்டவர்கள் நிறையப் பேர் அடிபட்டிருக்கிறார்கள். 1976 ஜூன் 26-ல் டோக்கியோவில் முகமது அலியும் ஜப்பானிய மல்லர் இனோகியும் மோதினார்கள். இனோகி 15 சுற்றும் பெரும்பாலும் தரையில் மல்லாந்து கிடந்தபடி அலியின் காலையே உதைத்துக்கொண்டிருந்தார். முடிவு சமம். பார்த்தவர்கள் திட்டினார்கள். அலியின் காலில் ரத்தம் உறைந்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாயிற்று. அதே டிசம்பரில் இனோகி கராச்சிக்கு வந்து, காமாவின் தம்பி மகன் அக்ரம் பயில்வானோடு மோதினார். கூத்தாகப் போகும் என்று நினைத்த சண்டை நிஜமாகி, அக்ரமின் கை முறிந்தது. மூன்று வருடம் கழித்து அதே குடும்பத்து இளைஞர் ஜாரா லாகூரில் இனோகியைச் சந்தித்துக் குடும்ப மானத்தைக் காப்பாற்றினார். வேடத்துக்கும் நிஜத்துக்கும் நடுவே கோடு எங்கே என்று இரண்டு பேரும் ஒரே மாதிரி நினைக்காவிட்டால் எலும்புதான் பதில் சொல்லும்.

பிராக் லெஸ்னர் இரண்டிலும் ஜெயித்தார், உண்மை. 2008-ல் யு.எஃப்.சி. ஹெவிவெயிட் சாம்பியன். ஆனால் அவர் கூத்துக்கு வரும் முன்பே கல்லூரியில் நிஜ மல்யுத்தச் சாம்பியன். அந்த அஸ்திவாரம் இல்லாமல் போன சி.எம். பங்க் 2016-ல் முதல் சுற்றில் இரண்டே கால் நிமிடத்தில் முடிந்துபோனார். கூத்து மேடையில் அவர் பெரிய சாம்பியன்!

நம் நாட்டில் ரிது போகட் அஸ்திவாரத்தோடு போனவர். 2017-ல் 23 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் வெள்ளி வாங்கியவர், 2019-ல் மல்யுத்தத்தை விட்டுச் சிங்கப்பூருக்குப் போனார். 2021 டிசம்பரில் ஒரு பெரிய போட்டித்தொடரின் இறுதிவரை வந்து தாய்லாந்துப் பெண்ணிடம் தோற்றார். நிஜத் தோல்வி, யாரும் எழுதிக் கொடுத்ததல்ல. பூஜா தோமர் 2024 ஜூனில் யு.எஃப்.சி.யில் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். இந்த வழியில் போகிறவர்களை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் பாருங்கள், இவர்கள் எல்லோரும் பல வருடம் முறையாகச் சண்டை பயின்ற பிறகு போனவர்கள். கண்ணாடி முன் டம்பெல்ஸ் தூக்கிவிட்டுப் போனவர்கள் இல்லை.

இன்னொன்று. கூத்தும் நிஜமும் இப்போது ஒரே முதலாளி வீட்டில்தான் இருக்கின்றன. ஹைதராபாத் நிகழ்ச்சி நடந்து நாலாம் நாள், 2023 செப்டம்பர் 12-ல், டபிள்யூ.டபிள்யூ.இ.யும் யு.எஃப்.சி.யும் டி.கே.ஓ. என்ற ஒரே கம்பெனிக்குக் கீழே வந்துவிட்டன. இரண்டிலும் சண்டைக்காரர் ஊழியர் அல்ல, தனி ஒப்பந்தக்காரர். நமக்கெல்லாம் இருந்த சேமநல நிதி, பணிக்கொடை, குடும்ப ஓய்வூதியம் என்ற பேச்சே கிடையாது. ஊதியத்தை அமுக்கி வைத்தார்கள் என்று பழைய யு.எஃப்.சி. வீரர்கள் வழக்குப் போட்டு, கம்பெனி 37.5 கோடி டாலர் கொடுத்துச் சமாதானமானது. நிஜச் சண்டையிலும் யாருக்கு யாரோடு மோதல், யாருக்குப் பட்ட வாய்ப்பு என்பதைக் கம்பெனிதான் தீர்மானிக்கிறது. முடிவு மட்டும்தான் எழுதப்படுவதில்லை.

ஆக, போகாதே என்று அவனிடம் நான் சொல்லவில்லை. இருபத்திரண்டு வயதுக்காரனிடம் அப்படிச் சொன்னால் மறுநாளே ரயிலேறுவான். சில கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பயிற்சிக்கூடம் சொல்லித் தருவது லுத்தா, காட்சா? அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது? அதை எழுத்தில் தருவார்களா? அங்கே படித்தவர்களில் எத்தனை பேர் இந்தத் தொழிலில் சோறு சாப்பிடுகிறார்கள்? காலி ஏழடிக்கு மேல், உன் உயரம் என்ன? ஊசி போடச் சொன்னால் மறுக்கும் தைரியம் உண்டா? இந்தத் தாளுக்குப் பதில் வாங்கி வந்தால் பனங்காட்டைப் பற்றி உன் அப்பாவிடம் நானே பேசுகிறேன் என்றேன். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போனான். பயிற்சிக்கூடத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறானாம், பதில் இன்னும் வரவில்லை.

பத்திரிகைக்காரர்களுக்கும் தொலைக்காட்சிக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். போட்டிக்கு மல்யுத்தம் என்ற பழைய சொல்லை விட்டு வையுங்கள். அடுத்ததை மல்யுத்தக் கூத்து என்று எழுதுங்கள். கூத்து என்பது இழிவான சொல் அல்ல, நம் மண்ணில் விரதமிருந்து ஆடுகிற சொல். கூத்தாட விரும்புகிற பிள்ளை கூத்தென்று தெரிந்தே போகட்டும். போட்டியிட விரும்புகிற பிள்ளை போட்டிக்குப் போகட்டும். மூட்டையின் மேல் சரியான சீட்டை ஒட்டிவிட்டால், வாங்குவதும் வாங்காததும் அவரவர் விருப்பம்.